எரிந்த ஏடுகளின் ஊர்

மிஸிஸிப்பி நதியைப் பற்றிப் பூகோள வகுப்பில் பல வருஷங்களாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து வந்திருக்கிறோம். அதன் நீளம், உபநதிகள், கழிமுகம் எல்லாம் நமக்கு மனப்பாடம். ஆனால் அதன் நிறம் என்னவென்று எந்தப் புஸ்தகமும் நமக்குச் சொல்லவில்லை. ஸெயிண்ட் லூயிஸ் நகரத்தின் படித்துறையில் நின்று முதன்முதலாக அதைப் பார்த்தபோது, ஆடி மாதத்துப் புது வெள்ளம் வந்த கொள்ளிடந்தான் நினைவுக்கு வந்தது. அதே செம்மண் கலங்கல், அதே சுழல், மிதந்து போகிற மரக்கட்டைகளும் அப்படியே. புழுக்கமும் நம் ஊர்ப் புழுக்கந்தான். ஜூலை மாதத்தில் அந்த ஊருக்குப் போகிறவர்கள் கம்பளிச் சட்டையை மறந்துவிட்டு விசிறியை எடுத்துப் போவது உத்தமம்.

நதிக்கரையில் 630 அடி உயரத்துக்கு வளைந்து நிற்கும் எஃகுத் தோரணவாயிலைப் பார்ப்பதற்கே ஜனங்கள் அந்த ஊருக்கு வருகிறார்கள். 1965-இல் கட்டி முடித்தது. அதன் உச்சிக்குப் போகச் சின்னஞ்சிறு கூண்டு வண்டி உண்டு. ஐந்து பேர் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்காரவேண்டும். நாமும் ஏறினோம், பார்த்தோம், இறங்கினோம். அதைப் பற்றி எழுதியவர்கள் அநேகர்; இங்கே நாம் எழுதப் புகுந்தது வேறு ஓர் இடத்தைப் பற்றி. அங்கே உல்லாசப் பிரயாணிகள் யாரும் போவதில்லை.

அந்த ஊரில் உத்தியோகம் பார்க்கும் நம் தம்பியின் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தோம். அடுத்த வீட்டில் 94 வயதுக் கிழவர் ஒருவர் பேத்தியோடு வசித்து வந்தார். தினந்தோறும் காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் தோட்டத்துத் தக்காளிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார். இடது தோளை உயர்த்தமாட்டார். வாளியை எப்பொழுதும் வலது கையிலேயே தூக்குவார். நாம் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று தெரிந்ததும் வேலியருகே வந்து, "உங்கள் நாட்டு டாக்டர்கள் பாராசூட்டில் குதிப்பார்களாமே, மெய்தானா?" என்று கேட்டார். நமக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் சொன்னார்: 1951-இல் கொரியா யுத்தத்தில் காயப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பக்கத்துக் கட்டிலில் இருந்த பாராசூட் படை வீரன் அந்தக் கதையைச் சொன்னானாம்.

கதையல்ல, உண்மைதான். நம் சைன்யத்தின் 60-ஆவது பாராசூட் கள வைத்தியப் பிரிவு 1950-ஆம் வருஷக் கடைசியில் கொரியாவுக்குப் போயிற்று. அதற்குத் தலைமை தாங்கியவர் லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ், தமிழர். 1951 மார்ச் 23-ஆம் தேதி முன்ஸான் என்ற இடத்தில் அமெரிக்கப் பாராசூட் படை இறங்கியபோது, அவரும் அவருடைய ஆட்களும் கூடவே குதித்துப் போர்க்களத்தில் வைத்தியம் செய்தார்கள். பின்னர் நம் ஸர்க்கார் அவருக்கு மகாவீர சக்கரம் அளித்துக் கௌரவித்தது. துப்பாக்கி தூக்கிச் சண்டையிடாமல் காயப்பட்டவர்களைக் கவனிப்பதற்கென்றே சுதந்திர பாரதம் அனுப்பிய அந்தச் சிறு படையை நம்மவர்களில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? இதை நாம் எடுத்துச் சொன்னதும் கிழவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அந்தப் பையன் சொன்னது பொய் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்" என்றார். அன்றிலிருந்து வேலி ஓரத்துச் சம்பாஷணை நித்தியமாயிற்று.

ஒருநாள் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். பட்டாளத்திலிருந்து விடுவித்து 1952-இல் கொடுத்த விடுதலைச் சீட்டு அது. அங்கே ஒவ்வொரு சிப்பாய்க்கும் இந்தச் சீட்டுத்தான் ஜாதகம். உத்தியோகம், வீட்டுக் கடன், வைத்தியம், உபகாரச் சம்பளம், மயானத்தில் இடம், எல்லாம் இதைக் கொண்டே நடக்கும். அதிலே ஒரு கட்டம்: 'எதிரியோடு நடந்த போரில் ஏற்பட்ட காயங்கள்'. அதற்கு நேரே தட்டச்சில், 'ஒன்றுமில்லை'. கீழே கிழவருடைய கையெழுத்து.

"ஊருக்குப் போகும் ரயில் நின்றுகொண்டிருந்தது. எனக்கு முன்னால் இருநூறு பேர், பின்னால் இருநூறு பேர். குமாஸ்தா காகிதத்தை நீட்டினான். படிக்காமலே கையெழுத்துப் போட்டேன்" என்றார். ஹார்ட்பிரேக் ரிட்ஜ் என்று அமெரிக்கர்கள் பெயர் வைத்த மலைத்தொடரில், 1951 செப்டம்பர் 13 முதல் அக்டோபர் 15 வரை ஒரு மாத காலம் நடந்த சண்டையில், பீரங்கிக் குண்டின் சிதறல் ஒன்று அவர் இடது தோளில் பாய்ந்தது. அந்த ஒரு மலைக்காக அமெரிக்கரும் அவர்களோடு நின்ற பிரெஞ்சுக்காரருமாக 3700 பேருக்கு மேல் மாண்டும் காயமுற்றும் போனார்கள். இரும்புத் துணுக்கு இன்றும் தோளுக்குள்ளேயே இருக்கிறது. காகிதமோ 'ஒன்றுமில்லை' என்கிறது.

யுத்தத்தில் காயமுற்றவர்களுக்கு அமெரிக்காவில் 'பர்ப்பிள் ஹார்ட்' என்று ஊதா நிற இருதய வடிவப் பதக்கம் ஒன்று உண்டு. 1782-இல் ஜார்ஜ் வாஷிங்டன் சாதாரணச் சிப்பாய்களுக்காக ஏற்படுத்திய விருது அதற்கு முன்னோடி. பிறகு அதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். வாஷிங்டன் பிறந்த இருநூறாவது வருஷமாகிய 1932-இல்தான் புதுப்பித்தார்கள். இதற்கு யாரும் சிபாரிசு செய்ய வேண்டியதில்லை, காயமே சிபாரிசு. ஆனால் ஒரு நிபந்தனை: காயத்துக்கு வைத்தியம் நடந்திருக்க வேண்டும்; அந்த வைத்தியம் ஸர்க்கார் தஸ்தாவேஜில் பதிவாகியிருக்கவும் வேண்டும். இரும்பு தோளில் இருந்தால் போதாது, ஏட்டிலும் இருக்கவேண்டும்!

"ஏட்டைப் போய்ப் பார்த்தால் என்ன?" என்று நாம் கேட்டோம். கிழவர் சிரித்தார். "அது எரிந்து போயிற்று. இருபது வருஷத்துக்கு முன்னாலேயே கேட்டுவிட்டேன். அந்த ஒரு வரிதான் பதில்."

அந்த நெருப்பின் சரித்திரத்தை இங்கே கொஞ்சம் விவரமாகவே சொல்லவேண்டும். அமெரிக்கச் சிப்பாய்களின் சேவைத் தஸ்தாவேஜுகளையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து வைப்பதென்று தீர்மானித்து, ஸெயிண்ட் லூயிஸ் நகரையடுத்த ஓவர்லாண்ட் என்ற இடத்தில் ஆறு மாடிக் கட்டடம் ஒன்றை 1956-இல் கட்டி முடித்தார்கள். படம் போட்டுக் கொடுத்தவர் மினோரு யமஸாகி என்ற பெயர்பெற்ற சிற்பி. ஒவ்வொரு மாடியும் 728 அடி நீளம், 282 அடி அகலம். நடுவே தீயைத் தடுக்கும் சுவர் கிடையாது. தஸ்தாவேஜுகள் இருந்த மாடிகளில் தானாகவே தண்ணீர் தெளிக்கும் குழாய்களும் கிடையாது. இது மறதியினால் நேர்ந்ததன்று. காகிதத்துக்கு நெருப்பு பெரிய சத்துருவா, தண்ணீர் பெரிய சத்துருவா என்று அந்நாள் நிபுணர்களுக்குள்ளே பெரிய விவாதம் நடந்தது. தண்ணீரே சத்துரு என்றவர்களின் கட்சி ஜயித்தது.

1973 ஜூலை 12-ஆம் தேதி, நள்ளிரவு தாண்டியதும் ஆறாவது மாடியில் தீப் பற்றியது. தீயணைப்புப் படை 4 நிமிஷம் 20 வினாடியில் வந்து சேர்ந்துவிட்டது. வந்து என்ன செய்வது? புகையும் அனலும் தாங்காமல் மூன்று மணி நேரத்துக்குள் உள்ளேயிருந்து பின்வாங்கினார்கள். அதன் பிறகு வெளியே நின்றுதான் தண்ணீர் பீய்ச்ச முடிந்தது. 22 மணி நேரம் எரிந்தது. முற்றிலும் அணைந்ததென்று அறிவித்தது 16-ஆம் தேதி. காரணம் திட்டமாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. எரிந்த தஸ்தாவேஜுகள் 1 கோடியே 60 லட்சத்திலிருந்து 1 கோடியே 80 லட்சம். 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி வரையில் தரைப்படையிலிருந்து விலகியவர்களின் ஏடுகளில் நூற்றுக்கு எண்பது போயின. விமானப் படையில் 1947-க்கும் 1964-க்கும் இடையே விலகியவர்களுடையவற்றில் நூற்றுக்கு எழுபத்தைந்து போயின. அதிலும் ஒரு வேடிக்கை. விமானப் படை ஏடுகள் அகராதி வரிசையில் அடுக்கப்பட்டிருந்தன. ஹப்பர்ட் என்ற பெயர் வரையில் உள்ளவர்களுடையவை தப்பின, அதற்குப் பிற்பட்டவர்களுடையவைதான் அகப்பட்டன. தகப்பனார் பெயரின் முதலெழுத்தில்கூட அதிர்ஷ்டம் இருக்கிறது பாருங்கள்! எந்த ஏட்டுக்கும் மறு பிரதி கிடையாது. எவையெவை எரிந்தன என்று சொல்ல ஒரு ஜாபிதாகூடக் கிடையாது.

எரியாமல் மிஞ்சியவை தண்ணீரில் ஊறிக் கிடந்தன. ஜூலை மாதப் புழுக்கத்தில் ஈரக் காகிதம் பூஞ்சை பூக்க எத்தனை நாளாகும்? பூஞ்சையைத் தடுக்கத் தைமால் மருந்தைத் தெளித்தார்கள். அந்த ஊரில் மக்டானல் டக்ளஸ் என்ற விமானக் கம்பெனி இருந்தது. ஆகாயத்துக்கு அப்பால் போகும் யந்திரங்களைச் சோதிப்பதற்காகக் காற்றை அறவே உறிஞ்சி எடுக்கக்கூடிய பெரிய அறை ஒன்று அவர்களிடம் இருந்தது. நனைந்த ஏடுகளைப் பால் புட்டிக் கூடைகளில் அடுக்கி அந்த அறைக்குள் வைத்து உலர்த்தினார்கள். இப்படியெல்லாம் காப்பாற்றியவை சுமார் 65 லட்சம்.

கிழவருக்குத் தெரியாத விஷயம் இதுதான். 'எரிந்து போயிற்று' என்பது முடிவான பதில் அல்ல. இதை நமக்குச் சொன்னவள் அவருடைய பேத்தி. விடுதலையாகி 62 வருஷம் கடந்துவிட்டால் அந்த ஏடு பொதுச் சொத்து. முன்கூட்டி நேரம் குறித்துக்கொண்டு, அடையாளச் சீட்டைக் காட்டி, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். "தாத்தா வரமாட்டேன் என்கிறார். நீங்கள் வருகிறீர்களா?" என்று கேட்டாள். மறுப்போமா?

பழைய கட்டடத்தின் ஆறாவது மாடியை நெருப்புக்குப் பின் இடித்தெடுத்துவிட்டு, மிஞ்சிய ஐந்து மாடிகளிலும் வெகுகாலம் காரியாலயத்தை நடத்திவந்தார்கள். 2011-இல் ஸ்பானிஷ் லேக் என்ற புறநகருக்கு மாற்றினார்கள். நகரத்துக்கு வடக்கே மோட்டாரில் போகவேண்டும். மிஸௌரி நதி மிஸிஸிப்பியில் கலக்கும் கூடுதுறை அந்தப் பக்கந்தான். மரங்கள் அடர்ந்த மேட்டுப் பூமி. கட்டடம் பெரிதே தவிர, அழகென்று சொல்வதற்கில்லை. உள்ளே நுழைந்ததும் குளிர் சுரீரென்று தைத்தது. பை, பேனா, குடை எல்லாவற்றையும் வெளியே பூட்டி வைத்துவிட்டுப் பென்சிலோடு போகவேண்டும். மை பட்டுவிடுமே என்ற பயம். இந்த ஏற்பாட்டை நம் பள்ளிக்கூடத்து வாசகசாலைக்கும் கொண்டுவரலாமா என்று ஒரு கணம் யோசித்தோம்.

முதலில் கிழவருடைய சொந்த ஏடு வந்தது. ஐந்தாறு தாள்கள், ஒவ்வொன்றையும் கண்ணாடி போன்ற தாளுறைக்குள் வைத்திருந்தார்கள். நான்கு ஓரங்களும் கருகி, நடுவே பழுப்பாகச் சுட்ட அப்பளம்போல் இருந்தன. தொட்டால் உதிரும். பல் வைத்தியச் சீட்டு ஒன்று, தடுப்பூசி போட்ட கணக்கு, கடைசிச் சம்பளப் பட்டியலில் பாதி. சம்பளத்தில் பிடித்தம் செய்த காசுகூடத் தெளிவாகத் தெரிந்தது. காயத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. பேத்தி வெகுநேரம் அந்தத் தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கே ஆராய்ச்சி அறையில் நமக்கு உதவி செய்த மாதரசி நிதானமானவர். "ஒரு மனிதனுடைய ஏடு எரிந்தாலும் அவன் இருந்த கம்பெனியின் ஏடு எரியவில்லை" என்று சொல்லி, சுருள் படம் பார்க்கும் யந்திரத்தினருகே அழைத்துப் போனார். பட்டாளத்தில் ஒவ்வொரு கம்பெனியிலும் தினசரி காலையில் ஓர் அறிக்கை எழுதுவார்கள். யார் புதிதாக வந்தான், யார் லீவில் போனான், யார் செத்தான், யார் ஆஸ்பத்திரிக்குப் போனான் என்ற மாறுதல்களை மட்டும் குறிப்பார்கள். நம்முடைய ஆஜர்ப் பட்டியல்தான்! ஆஜர்ப் பட்டியலைத் தினந்தோறும் அலுத்துக்கொண்டே எழுதுகிற வர்க்கத்தைச் சேர்ந்தவர்கள் நாம். அந்த யந்திரத்தின் முன் உட்கார்ந்தபோது நம் அலுப்பை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாயிருந்தது.

செப்டம்பர் மாதம் முழுதும் தேடினோம். நாள் ஏற ஏறப் பெயர்கள் கூடிக்கொண்டே போயின. மாதத் தொடக்கத்தில் ஒரு நாளைக்கு இரண்டு வரி. மூன்றாவது வாரத்தில் ஒரு பக்கம் போதாமல் அடுத்த பக்கம். பெயர், எண், 'போரில் மாண்டான்'. பெயர், எண், 'போரில் காயம்'. குமாஸ்தா எங்கே உட்கார்ந்து இதையெல்லாம் தட்டச்சடித்தானோ! எழுத்துக்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தன. கிழவருடைய பெயர் மட்டும் அகப்படவில்லை. அக்டோபரும் பார்த்தாயிற்று, இல்லை.

அப்போதுதான் பேத்திக்கு ஒன்று தோன்றிற்று. வெளியே போய்த் தாத்தாவுக்கு டெலிபோன் செய்து பட்டாள எண்ணைக் கேட்டாள். 70 வருஷத்துக்கு மேலாகியும் எட்டு இலக்கத்தையும் ஒரு தடுமாற்றமில்லாமல் மந்திரம்போல் ஒப்பித்தாராம். பெயரை விட்டுவிட்டு எண்ணைத் தேடினோம். ஏற்கெனவே இருமுறை பார்த்துத் தாண்டிப்போன பக்கத்திலேயே இருந்தது. குடும்பப் பெயரில் இரண்டு எழுத்துக்களை மாற்றி அடித்துவிட்டான் குமாஸ்தா. எண்ணில் பிழையில்லை. 'வேலையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு, போரில் சிறு காயம்.' அதற்கு நேர் மேலே, அதே தேதியில், வேறொருவன் பெயர்; 'போரில் மாண்டான்'. அந்தப் பெயரைப் படித்ததும் பேத்தி விம்மி அழுதுவிட்டாள். அவளுடைய தகப்பனாருக்குத் தாத்தா வைத்திருந்த பெயர் அது.

எண்ணுக்கு உள்ள மகிமை இன்னொன்றும் உண்டு. யுத்தகால ஆஸ்பத்திரிகளில் சேர்ந்தவர்களைப் பற்றி ராணுவ வைத்தியத் தலைமைக் காரியாலயம் எடுத்த கணக்கு, யந்திர நாடாக்களில் எங்கோ கிடந்து, 1988-இல் இந்தக் காரியாலயத்துக்கு வந்தது. 1942 முதல் 1945 வரையிலும், 1950 முதல் 1954 வரையிலும் ஒரு கோடி அனுமதிகள். அவற்றில் ஒருவர் பெயரும் கிடையாது. பட்டாள எண் மட்டுமே உண்டு. புள்ளிவிவரத்துக்காக எடுத்த கணக்கு, நெருப்பில் ஏடிழந்தவர்களுக்குச் சாட்சியாக வந்து நின்றது. கிழவருடைய எண்ணை அதிலும் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தோம்.

வீடு திரும்பியபின் மனு எழுதுகிற வேலை. இவ்வளவு சாட்சி இருந்தும் ஏன் இத்தனை சிரமம் என்று வாசகர்கள் கேட்கலாம். வாங்காத பதக்கத்தை வாங்கியதாகச் சொல்லித் திரிகிறவர்களும் அந்த நாட்டில் உண்டு. லாபத்துக்காக அப்படிப் பொய் சொல்கிறவர்களைத் தண்டிக்க 2013-இல் தனிச் சட்டமே செய்திருக்கிறார்கள். ஆகவே காகிதமில்லாமல் காரியமில்லை. முதலில் கெண்டக்கி மாகாணத்தில் உள்ள ராணுவச் சிப்பந்திக் காரியாலயத்துக்கு எழுதவேண்டும். அங்கே மறுத்தால், தஸ்தாவேஜைத் திருத்தும் சபைக்கு அப்பீல். அந்தச் சபைக்கும் ஒரு கதை உண்டு. 1946-க்கு முன்னால் ஒரு சிப்பாயின் ஏட்டில் ஓர் எழுத்தைத் திருத்த வேண்டுமானாலும் காங்கிரஸ் மகாசபையில் தனி மசோதா கொண்டுவர வேண்டியிருந்தது! மசோதாக்கள் மலையாகக் குவிந்தபின், அந்த வருஷத்துச் சட்டத்தால் இந்த வேலையைப் பட்டாளத்தைச் சேராத சாதாரண உத்தியோகஸ்தர்கள் அடங்கிய சபைகளுக்கு மாற்றினார்கள். பிழை தெரிந்த மூன்று வருஷத்துக்குள் மனுச் செய்யவேண்டும் என்பது விதி. நியாயத்தை உத்தேசித்துச் சபை அதைத் தளர்த்தலாம்.

மனு எழுதும்போது இன்னொரு விஷயமும் வெளிப்பட்டது. கொரிய ஸர்க்கார் தன் மண்ணில் போராடிய அந்நியச் சிப்பாய்களுக்கெல்லாம் ஒரு பதக்கம் கொடுக்க முன்வந்தது 1951-இல். அதை அணிய அமெரிக்க ஸர்க்கார் அநுமதித்தது 1999-இல்! ஆகவே 1952-இல் எழுதிய சீட்டில் அது எப்படி இருக்கும்? கிழவரைப்போல் எத்தனையோ பேருடைய சீட்டுகளில் குமாஸ்தாவின் பிழை இல்லாமலே ஒரு பதக்கம் குறைகிறது.

நம் நாட்டு ஞாபகமும் வராமலில்லை. தியாகிகளுக்கு உபகாரச் சம்பளம் ஏற்பட்டபோது, சிறை சென்றதற்கு அத்தாட்சி கேட்டார்கள். சிறைச்சாலையில் பழைய ஏடுகள் கழிக்கப்பட்டிருந்தால், கூடச் சிறையிலிருந்தவர்கள் 'இவர் எங்களோடு இருந்தார்' என்று எழுதிக் கொடுக்கவேண்டும். கூட இருந்தவர் இறந்து போயிருந்தால்? கிழவரிடம் இதைச் சொன்னபோது தலையை அசைத்தார். "எனக்காக எழுதிக் கொடுக்க வேண்டியவன்தான் அந்த மேல் வரியில் இருக்கிறானே" என்றார்.

நாம் ஊருக்குத் திரும்பி வெகு மாதங்கள் ஆகிவிட்டன. சென்ற வாரம் தம்பியிடமிருந்து கடிதம் வந்தது. சபை வரைக்கும் போக நேரவில்லையாம். முதல் காரியாலயத்திலேயே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். பழைய சீட்டை அழித்து எழுதுகிற வழக்கம் அங்கே கிடையாது. திருத்தச் சீட்டு என்று தனியே ஒரு தாள் தருவார்கள். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். காயம், அதன் தேதி, ஊதாப் பதக்கம், காலாட்படைப் போர்ச் சின்னம், கொரியப் பதக்கம் எல்லாம் அதில் ஏறியிருக்கின்றன.

"அண்ணா, பதக்கப் பெட்டியைக் கிழவர் இன்னும் பிரிக்கவில்லை, பேத்திதான் மேஜைமேல் வைத்திருக்கிறாள்" என்று எழுதியிருந்தான் தம்பி. திருத்தச் சீட்டு வந்த மறுநாள் மட்டும் கிழவர் கோட்டுப் போட்டுக்கொண்டு, நிலப் பத்திரங்கள் பதிவு செய்யும் கச்சேரிக்கு அழைத்துப் போகச் சொன்னாராம். 1952-இல் ஊர் வந்த புதிதில் தம் விடுதலைச் சீட்டை அங்கேதான் பதிந்து வைத்திருந்தார். அந்நாளில் பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களுக்கெல்லாம் அப்படிச் செய்யும்படி புத்தி சொல்லியிருந்தார்கள். குமாஸ்தாப் பெண் பழைய பதிவைத் தேடி எடுத்து, புதுத் தாளுக்கும் முத்திரையிட்டாள். கையெழுத்துப் போடச் சொன்னபோது கிழவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரையில் இரண்டு தரம் படித்துவிட்டுப் போட்டாராம்.